புதன்கிழமைகளில் பள்ளி இல்லை

ஒப்பந்தம் சொன்னது:
வாரம் இருபத்தைந்து மணி நேரம், தனி அறை,
எண்பது யூரோ கைச்செலவு,
குடும்பத்தில் ஒருத்தியாக நடத்தப்படுவாள்.
எந்த ஒருத்தி என்று சொல்லவில்லை.

முதல் வாரம் சேன் தெனியில் நான் தொலைத்தவை
ஒரு குடை, ஒரு பஸ் அட்டை, வடக்கு.
ஜூலை வெயில் இங்கே கடல் பக்கமாய்ச் சாய்கிறது,
கடலோ வடக்கே கிடக்கிறது.
காரைக்கால் புத்தியோடு சூரியனை நம்பி நடந்து
ஒரே டயர் கடை வாசலில்
மூன்று தடவை போய் நின்றேன்.
மூன்றாம் தடவை கடைக்காரன்
நாற்காலி எடுத்துப் போட்டான்.

எலியோவுக்கு ஆறு வயது.
அடைக்கலம் என்ற முழுப்பெயர் அவன் வாயில் நிற்கவில்லை.
கலத்தை மட்டும் எடுத்துக்கொண்டான்.
மிச்சமிருந்த அடையை
நானே வைத்துக்கொண்டேன்.
"கலம்! கலம்!" என்று குளியலறையிலிருந்து கூப்பிடுவான்.
சரக்கேற்றிய தோணிபோலத்
துண்டு, பைஜாமா, ரப்பர் வாத்து சகிதம்
கரை சேருவேன்.

மஞ்சள் பஸ் ஓட்டுநரின் சட்டையில்
விராசாமி என்றிருந்தது.
வணக்கம் என்றேன், ஊர்க்காரரைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில்.
சில்லறை இருக்கிறதா என்றார் பிரெஞ்சில்.

சனிக்கிழமைச் சந்தையில் எலியோதான் வாத்தியார்.
கட்டுக் கட்டாய்த் தொட்டுக் காட்டுவான்.
இது கொத்தோமிலி, சொல்லு.
இது கலுபிலே.
இது முரூம், இதன் இலையைத் தின்னலாம், பயப்படாதே.
ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
உச்சரிப்பு தேறிவிடும் என்றான்.
கரும்பு வெட்ட வந்தவர்களோடு கப்பலேறிய கொத்துமல்லிக்கு
இங்கே பால்பல் விழுந்திருக்கிறது.
அவனுக்கும் முன்னால் இரண்டு இல்லை.

மூன்றாம் ஞாயிறு மலைக்குப் போனோம், சலாசிக்கு.
தீவென்றால் வெக்கை என்று பெட்டி கட்டியவள் நான்.
மூடுபனி கார் கண்ணாடியை நக்கியது.
மதாம் க்ரோந்தேனின் அண்ணன் கோட்டை இரவல் வாங்கினேன்,
அதன் பையில்
ஓர் ஆட்டுக்கயிறும் பாதி ரொட்டியும் இருந்தன.
பாறை தவறாமல் அருவி. பதினொன்றோடு எண்ணுவதை விட்டேன்.
வேலிமேல், கூரைமேல், செத்துப்போன ஒரு வேன்மேல்
சௌசௌக் கொடி.
சூசூ என்கிறார்கள்.
மதியம் சூசூ, அதன் தளிரில் ஒரு பொரியல்,
நாலு மணிக்கு சூசூ கேக்.
வீட்டில் சௌசௌக் கூட்டென்றால்
பசியில்லை என்று எழுந்துபோனவள்
மூன்றாவது துண்டு கேட்டேன்.
இறக்கத்தில், வளைவுக்கு வளைவு வெளிறிக்கொண்டே வந்து,
அத்தனையையும் என் மடியில் வாந்தியெடுத்தான் எலியோ.
எந்த ஒருத்தி என்று அப்போது தெரிந்தது.

புதன்கிழமைகளில் பள்ளி இல்லை.
மெர்க்ரதியை உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டான்.
புதன் என்றேன்.
பூதேன் என்றான்.
பூதேன் பூதேன் என்று படி இறங்கி
மருந்துக்கடை வரிசையில் முன்னால் நின்ற பாதிரியாரிடம்
இன்று பூதேன், என்று அறிவித்தான்.
என் பாடப்புத்தகங்கள் எதிலும் இல்லாத அந்தச் சொல்லின் பொருளை
அவர் காதுமடல் சிவந்த விதத்தில் படித்துக்கொண்டேன்.

மாலை, இரவுப்பணிக்குக் கிளம்பிய நர்ஸ் உடுப்பிலேயே
மதாம் விசாரணை வைத்தார்.
பாதிரியார் கோள் சொல்லியிருந்தார்.
நான் ரொட்டிப் பையைக் கிழித்துக் கோள் வரைந்தேன்:
பெரிதாய் ஒரு சூரியன், ஒட்டினாற்போல் ஒரு புள்ளி.
உங்கள் கிழமையும் இதன் பேரில்தான்,
எங்கள் கிழமையும் இதன் பேரில்தான், மதாம்.
பேனாவால் புள்ளியை இன்னும் கறுப்பாக்கினேன்,
வேறென்ன செய்வதென்று தெரியாமல்.
நெடுநேரம் பார்த்தார்.
வியாழக்கிழமைக்கு என்ன சொல்வீர்கள்?
சொன்னேன்.
அது பரவாயில்லை, என்றார்.

ஆறாவது வாரம்.
கார் சாவியைக் காணோம்.
மேஜைமேல் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடுகிற மதாம்
பல்லிடுக்கில் ஒரு சொல் சொல்கிறார்.
பாலைக் குடித்துக்கொண்டே
எலியோ திருத்துகிறான்:
இன்று வெள்ளிக்கிழமை, அம்மா.