மொழி: ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

கிரீம்ஸ் சாலை மருத்துவமனையில்
எனக்கு ஒரு நாற்காலி, ஒரு கைபேசி,
மணிக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.
வரவேற்பறைத் திரையில் ‘மொழி’ என்றொரு கட்டம்.
தொட்டால் பதினான்கு பெயர் இறங்கும்.
ஒன்றைத்தான் தொடலாம்.

அரபியைத் தொட்டால் நான் வருவேன்.
எம்.ஏ.வில் நான் படித்த அரபியை
எந்த நோயாளியும் பேசிக் கேட்டதில்லை.
மஸ்கட்காரர் ஒரு விதமாக விழுங்குகிறார்,
ஏமன்காரர் வேறு விதமாக.
புத்தகத்தில் வலிக்கு ‘அலம்’.
படுக்கையில் ‘வஜஃ’,
அதிலும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கையில்
கடைசி எழுத்து வெளியே வராது.

போன மழையில் சில்ஹெட்டிலிருந்து வந்த மொஸ்தாக்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
‘பிஷ், பிஷ்’ என்றார்.
குடித்த பாட்டில் எங்கே என்று கத்தியபடி
பயிற்சி மருத்துவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்.
கொல்கத்தா நர்ஸும் கூடவே ஓடினாள்.
இரைப்பையைக் கழுவக் குழாய் எடுத்த பிறகுதான்
லாட்ஜிலிருந்து மைத்துனர் வந்து சொன்னார்:
எங்கள் பக்கத்தில் விஷம் என்றால் வலி.
அவ்வளவு பெரிய தப்பாகவும்
எனக்குப் படவில்லை.

மொம்பாசாவின் ம்வானாயிஷா
கணவனுக்குத் துணையாக வந்தவள்.
முனகுகிற ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று
‘போலே’ என்பாள்.
அவள் ஊரில் அது ஆறுதல் சொல்.
யார் போலே? என்று கேட்டாள்
வார்டு நர்ஸ் பாக்கியச்செல்வி.
அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பதினொன்றாம் எண் கட்டில். சூடான்.
பெயர் காக்கா. மொழி அரபி.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.
சென்னைக்கு வந்த முதல் மாதம்
விடுதி வாசலில்
‘எங்க காக்கா வந்துட்டாங்க’ என்றேன்,
எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள்.
நூபா மலையில் தலைப்பெண்ணுக்கு அந்தப் பெயராம்.
அரபியில்தான் சொன்னாள்,
சந்தையில் கற்ற அரபி,
இருட்டில் சுவிட்சைத் தடவுவதுபோல
வினைச்சொல்லைத் தடவித் தடவி.
அண்ணன், மூத்தமகள், பறவை:
ஓசை ஒன்று, ஒன்றுக்கொன்று உறவில்லை.
மொழிக்குடும்பம் படித்தவர்கள்
இதற்கெல்லாம் ஏமாற மாட்டார்கள்.
நான் ஏமாந்து
அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அறுவை முடிந்து மயக்கம் தெளிகையில்
அவளிடமிருந்து அரபி கழன்றுவிட்டது.
மோரோ மட்டும் மிச்சம்.
அது எந்தப் பெருங்குடும்பத்தில் எந்தக் கிளை என்று
அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு.
எனக்கு ஒரு சொல் தெரியாது.
‘என்ன சொல்றாங்க?’ என்றார் மருத்துவர்.
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு நான் சொன்னேன்:
‘தண்ணீர் கேட்கிறாங்க.’
உதடு காய்ந்திருந்தது, அதை வைத்துத்தான்.
ஈரப் பஞ்சால் துடைத்தார்கள்.
அவள் நிறுத்தவில்லை.

அன்றிரவே காசிமேட்டிலிருந்து ஒருவர்.
கட்டத்தில் ‘தமிழ்’.
தமிழைத் தொட்டால் யாரும் வரமாட்டார்கள்.
கோட்டயத்து டாக்டர் திணறித்தான்
என்னைக் கூப்பிட்டார்.
‘நோவுதா?’ என்றேன், என் காயல் தமிழில்.
‘நோவுலாம் இல்லம்மா.
மார்ல யாரோ குந்திக்கினு கீறா மேரி கீது.’
யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்றேன் டாக்டரிடம்.
‘யார்?’ என்றார் அவர்.
பிறகு அவருக்கே உறைத்து
ஈசிஜிக்கு ஓடினார்.
அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குப் பில் இல்லை.
தமிழிலிருந்து தமிழுக்கு
ரேட் போடவில்லை.

விடிந்ததும் காக்காவுக்கு அரபி திரும்பியிருந்தது.
ராத்திரி நான் ஏதாவது சொன்னேனா என்று கேட்டாள்.
தண்ணீர் கேட்டீர்கள் என்றேன்.
கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.
‘இருக்கலாம்’ என்றாள்.