முறுக்கு

டீசலுக்கு முறுக்கு அதிகம் என்றான் பிரென்ட்,
என் கணவரைப் பார்த்து.
கடன் விண்ணப்பம் என் கையில் இருந்தது.

பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
சுப்பீரியர் ஏரி மூச்சு விடும் ஜனவரியில்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பதில்,
டீசல் மெழுகாகி வடிகட்டியில் உட்கார்ந்துகொள்ளும்.
காய்ச்சல்காரனுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல
இரவெல்லாம் எஞ்சினுக்கு மின்சாரம் கொடுத்து
நாலரைக்குச் சாவியைத் திருப்பினால்
முதலில் இருமும்.
பிறகு யோசிக்கும்.
பிரென்டுக்கு இது தெரிய நியாயமில்லை,
வேலையில் சேர்ந்ததே ஏப்ரலில்.

ஆர்லனுக்கு வேண்டியது சத்தம்.
பக்கத்து வீட்டு கெர்மிட்டின் டீசல் லாரி
தெருமுனை திரும்பும்போதே
எங்கள் கோப்பைகள் தட்டில் நடுங்கும்.
இவர் ஜன்னலுக்குப் போவார்.
திரும்பி வந்து ஒன்றும் பேசமாட்டார்.

படகு இருபத்திரண்டடி, அலுமினியம்.
ட்ரெய்லர், எரிபொருள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து
மூன்றேகால் டன்.
பெயர் ஷெரில்.
முந்தைய சொந்தக்காரரின் மனைவியாம்.
சுரண்டி எடுக்க எங்கள் இருவருக்கும் சோம்பல்.

இரண்டையும் மாட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்,
ஷெரிலோடு, குவின்சி மேட்டில்.
பிரென்ட் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை என்று கண்டதும்
சாவிகளை எடுத்து வந்தான்.

முதலில் பெட்ரோல்.
தூக்குப் பாலம் தாண்டி மேடு தொடங்கியதும்
கியரை ஒன்று, இன்னொன்று இறக்கி
நாலாயிரம் சுற்றில் கத்தியது,
சந்தையில் பணப்பை தொலைத்தவள்போல.
ஏறியது என்னவோ ஏறியது.
பின்னால் ஏழு கார்கள்.

பிறகு டீசல்.
என்ன சொல்வது?
ஷெரில் அங்கே இல்லை.
முள் ஆயிரத்தெழுநூறிலேயே நின்றது,
மரங்கள் மட்டும் பின்னால் போயின.
இறங்கும்போது பிரேக்கைத் தொடவே இல்லை,
தன் மூச்சைத் தானே பிடித்துக்கொண்டு
மூன்றேகால் டன்னையும் பிடித்துக்கொண்டது.
பாலத்தருகே சிவப்பு விளக்கில் நின்றபோது
என் கை ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்ததை
ஆர்லன் பார்த்துவிட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வந்தவள் நான்.
ஒன்பதாயிரம் டாலர் வித்தியாசம்,
புகையைக் கழுவ நீல மூடிக்குள் தனித் திரவம்,
வடிகட்டி மாற்றினால் ஒரு வாரச் சம்பளம்.
யானை வாங்கினால் போதுமா,
தீனிக்கு யார்?
காரணம் எல்லாம் நானே எழுதிய பட்டியலில் இருந்தது,
அது என் சட்டைப்பையில் இருந்தது,
கையை அங்கே கொண்டுபோக மனமில்லை.

'பதினொன்று' என்றார் ஆர்லன்.
'என்ன பதினொன்று?'
'போன கோடையில் படகை இழுத்தது.
அதில் ஒன்பது, வீட்டிலிருந்து இறங்குதுறைக்கு.'
'நாலு மைல்' என்றேன்.
'சமதரை' என்றார்.
விளக்கு பச்சையானது.
பின்னாலிருந்தவர் ஹாரன் அடிக்கும்வரை
நாங்கள் போகவில்லை.

பெட்ரோல்தான் வாங்கினோம்.
வெள்ளை நிறம், நாற்சக்கர இழுப்பு,
ட்ரெய்லருக்கு நல்ல பிரேக்.
கெர்மிட் வந்து பார்த்தார்,
டயரை ஒரு உதை உதைத்தார்,
'நல்ல வண்டி' என்றார்,
கேட்காமலே இரக்கப்படுகிறவர்களின் குரலில்.

ஜூன் பன்னிரண்டு, சனிக்கிழமை.
பதினொன்றில் சேராத தூரப் பயணம்.
குவின்சி மேட்டில் அதே கத்தல்,
நாலாயிரம், நாலாயிரத்து முந்நூறு.
ஆர்லன் இரு கையாலும்
டேஷ்போர்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்,
தான் தள்ளுவது தெரியாமல்.
வேகம் இருபத்தெட்டு.
கண்ணாடியில் பின்னால் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல்
ஷெரிலை மட்டும் பார்க்கிறேன்,
மூக்கை வானத்தில் வைத்துக்கொண்டு,
யாருக்கும் கடன்படாதவள்போல
வருகிறாள்.