கார்காலம்

கார்க் நகரத்து மேட்டுத் தெருவில்
வருடம் முழுக்கக் கார்காலம்.
மேலே மேகம், கீழே வண்டிகள்.

எட்டு இருபது.
பள்ளி வாசல் கண்ணுக்குத் தெரிகிறது,
போய்ச் சேரத்தான் முடியவில்லை.
ஐந்து பேர் அமரும் வண்டியில்
ஒரு பிள்ளை, ஒரு ஹர்லிங் மட்டை, நான்.
முன்னால் டெர்வ்லாவின் வண்டியிலும் அப்படியே,
அதற்கு முன்னாலும்.

பின்கண்ணாடியில் பஸ்.
துடைப்பான் இரண்டும்
இல்லை இல்லை என்று ஆட
ஓட்டுநர் மியூரிஸ்
ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறார்.

நேரத்துக்கு வராத பஸ்ஸை நம்பாமல்
நான் கார் எடுத்தேன்.
நான் எடுத்த காரால்
பஸ் நேரத்துக்கு வரவில்லை.
நகர மன்றக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது
யாரோ சிரித்தார்கள்.

மார்ச்சில் ஒரு திங்களன்று
தெருவோரம் சிவப்புச் சாயம் பூசி
பஸ்ஸுக்கென்று ஒரு தடம் விட்டார்கள்.
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றார்கள்.
எத்தனை கேட்டிருக்கிறோம்.

வியாழக்கிழமை
அசையாத என் வண்டியை
மியூரிஸ் கடந்து போனார்.
ஜன்னல் ஆவியில்
விரலால் மீன் வரைந்தபடி
டெர்வ்லாவின் மகன்.
என் ஃபியாக்ரா ஒன்றும் கேட்கவில்லை.
சீட் பெல்ட்டை மட்டும் கழற்றினான்.

இன்று நிறுத்தத்தில் நிற்கிறோம்.
ஒரே குடை. என் இடது தோள்
மழையின் பங்கு.
பலகை இரண்டு நிமிடம் என்கிறது.
கொஞ்ச நேரமாகவே
இரண்டு நிமிடம் என்கிறது.
பிள்ளைக்குத் தெரியாமல்
பைக்குள் கார்ச் சாவியை
ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன்.

திருப்பத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறது.