ஒன்பது விநாடி நாய்

"நாய்க்கு எடை இல்லை" என்றாள் நெஸ்தான்.
வாஷா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.
நான்கு மாதமாய் அவன் செய்த நாய்.
மூன்று கால்.
மயிர் ஒவ்வொன்றும் தனியாய் அசையும்,
மூக்கின் ஈரம்கூட மினுங்கும்.
நடக்கவிட்டால் மட்டும்
சோப்புத் தண்ணீரில் போவதுபோல்
பாதம் வழுக்குகிறது.

குதாயிசி. வியாழன் இரவு.
டயர் கடைக்கு மேலே எங்கள் அறை.
நான்கு கணினி, ஒரு மின்கணப்பு.
இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போகும்,
ஆகவே கோட்டோடுதான் வேலை.
வாஷா பஸ் பணிமனையில் மெக்கானிக்.
நெஸ்தான் பொய்ப்பல் கட்டுகிறாள்.
ஓத்தியா சிமென்ட் கிடங்கின் இரவுக் காவல்,
ஒன்பதுக்கு எழுந்து போய்விடுவான்.
நான் ரொட்டி சுடுகிறேன்.
இதில் யாருக்கும் ஒரு காசு வந்ததில்லை.

"கோட்டைப் பார்" என்றான் ஓத்தியா.
"கால் ஊன்றிய ஃபிரேம்களில் அது
படுத்துக் கிடக்க வேண்டும்.
உன்னுடையது மலைச்சரிவு."
நெஸ்தான் மவுஸை வாங்கி
மெழுகுப் பல்லைச் சீவுகிற விரலால்
விலாவின் சிவப்பைத் தொட்டுத் தொட்டு நீலமாக்கினாள்:
இனி அந்த எலும்பு இந்தத் தோலை இழுக்காது.
நன்றாகத்தான் இருந்தது.
எடை மட்டும் வரவில்லை.

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
"நீ தினமும் மாவு மூட்டை தூக்குகிறவள்தானே?"
மாவு இல்லை. கீழே பஸ் டயர் இருந்தது.
தூக்கினேன். வாஷா போனில் பிடித்தான்.
ஃபிரேம் ஃபிரேமாய் நகர்த்திப் பார்த்தோம்.

எனக்கே தெரியாது:
மேலே வருவதற்கு முன்
நான் இன்னும் கொஞ்சம் கீழே போகிறேன்.
இடது தோள் முதலில் சரிகிறது.
பத்து ஃபிரேம்.
ஆறாவதில் வாய் கோணி, கண் இடுங்கி
எவளோ ஒருத்தி.
பதினொரு வருஷம், விடியலுக்கு விடியல்,
இந்த முகத்தோடா நின்றேன்,
அடுப்புக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க?

"அழித்துவிடு" என்றேன்.
"இரு" என்றான் வாஷா, "நாய்க்கு வேண்டும்."

தோளை வாங்கி நாயின் இடுப்பில் வைத்தான்.
இல்லாத காலின் பக்கம்
உடம்பு ஒரு நூல் தாழ்ந்தது,
பிறகு எழுந்தது.
யாரும் பேசவில்லை.
நெஸ்தான் மட்டும் "ம்" என்றாள்.

கதவருகே சட்டைப் பித்தானைப் போட்டபடி
ஓத்தியா எப்போதும் சொல்வதைச் சொன்னான்:
"வீடியோவாய் ரெண்டர் பண்ணாதே.
தனித்தனிப் படமாய்ப் போடு.
கரண்ட் போனாலும் வந்தவரைக்கும் நம்முடையது."
அவனுடைய கடல் ஒன்று, நாற்பது மணி நேரக் கடல்,
ஒரே கோப்பாய்ப் போய்ச் சேர்ந்தது.
அதன் அலை எப்படி என்று
இன்றுவரை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

இருநூற்றுப் பதினாறு படம்.
படத்துக்கு இரண்டு நிமிடம்.
ஓடவிட்டுப் போனோம்.

நான்கு மணிக்கு அடுப்படியில் பல்ப் அணைந்தது.
தெரு முழுக்க இருட்டு. நதிக்கு அந்தப் பக்கமும்.
என் அடுப்புக்கு மின்சாரம் வேண்டாம்,
கிணறுபோல் மண், அடியில் நெருப்பு.
மாவை ஏந்திச் சுவரில் அறையக் குனிந்தபோது
தோள் முதலில் சரிந்தது.
எண்ணினேன். பத்துதான்.
யாரும் பார்க்கவில்லை,
முகம் அதுபாட்டுக்குக் கோணிக்கொண்டது.
விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன் கோப்புறையைத் திறந்தோம்.
இருநூற்றுப் பதினொன்று.
நாய் பாலத்தைக் கடந்து வருகிறது,
ஒவ்வோர் அடிக்கும் பலகை கொஞ்சம் வளைகிறது
(அதை வாஷா யாருக்கும் சொல்லாமல் செய்திருந்தான்),
கடைசி அடிக்குக் காலைத் தூக்கி
அப்படியே நிற்கிறது.

"நிழல் ஒரு ஃபிரேம் பிந்துகிறது" என்றான் ஓத்தியா.
"பிந்தட்டும்" என்றான் வாஷா.

மிச்சம் ஐந்துக்குப் பத்து நிமிடம்.
ஓடவிட்டோம். காத்திருக்கையில்
கை விறைக்கிறதென்று நெஸ்தான்
கணப்பின் பொத்தானைத் தட்டினாள்.

இருநூற்றுப் பதின்மூன்று.