படிக்கட்டு அட்டை

டண்டீ நகரில், டே ஆற்றுக்கு மேலே,
கருங்கல் கட்டடம் ஒன்று.
எட்டு வீடு. ஒரே படிக்கட்டு.
பெருக்கும் முறை எவருடையதோ
அவர் கதவுக் குமிழில் ஓர் அட்டை தொங்கும்:
இந்த வாரம் உங்களுடையது.
பெருக்கி முடித்தவர் அடுத்த கதவில் மாட்டிவிடுவார்.
முகம் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது அது பீட்ரியின் கதவில்.
மூன்று வாரமாய்.
பீட்ரி மருத்துவமனையில் இறந்ததும்
மூன்று வாரம்தான்.

இரவு பதினொன்று.
நாலாம் மாடி இஷ்பெல் டஃபஸ்
ஆய்வகத்தில், நாற்காலியில் ஒரு காலை மடித்து,
தட்டில் இருக்கும் மனிதச் செல்களுக்குக் காத்திருக்கிறாள்.
இரண்டாகப் பிரிய வேண்டியவை.
'பிரி' என்று கட்டளையிட்டது சைக்ளின் என்ற புரதம்.
கட்டளை இட்டாயிற்று;
இனி இட்டவர் நகர்ந்தால்தான்
இட்ட காரியம் முடியும்.

நகர்த்தக் கைகள் மூன்று.
முதல் நொதி கொஞ்சம் எரிபொருள் செலவழித்து
யுபிக்குயிட்டினை எடுக்கிறது:
எழுபத்தாறு மணி கோத்த சின்னப் புரதம்.
கந்தக விரலில் அதைப் பிடித்து
இரண்டாவதிடம் கொடுக்கிறது.
மூன்றாவதுக்குத்தான் ஆள் தெரியும்.
நெரிசலில் இன்னாரை, இன்னாரை மட்டும்
தோள் தொட்டு நிறுத்தி,
லைசின் கொக்கியில் மாட்டவைக்கிறது.

ஒன்று போதாது.
ஒன்றைக் கழற்றிவிட வேறு நொதிகள் உண்டு,
தவறு நடக்கும் என்று அறிந்த வீடு அது.
அட்டைமேல் அட்டை.
நாலு கோத்துவிட்டால்
பீப்பாயின் வாய் திறக்கும்.
வாசலிலேயே அட்டைகள் கழன்று
வேறு கதவு தேடிப் போகும், ஒரு கீறலுமில்லாமல்.
உள்ளே போவது
மடிப்பு அவிழ்ந்து, நூலாகி,
ஏழெட்டு மணித் துணுக்குகளாய் வெளியே வரும்.

இன்றிரவு பாதித் தட்டுகளில்
பீப்பாயின் வயிற்றை மருந்தால் அடைத்திருக்கிறாள்.

இருட்டறை. சிவப்பு விளக்கு.
ஃபிலிமை நீரில் அலசித் தூக்குகிறாள்.
இடப்பக்கம் சைக்ளின்:
கரி, சாம்பல், நிழல், பிறகு வெறும் ஃபிலிம்.
வலப்பக்கம் அது போகவே இல்லை.
அதன் தலைக்கு மேலே கறுப்பாய்
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஏறி
மேலே ஒரே மசியாய்க் குழம்பிக் கிடக்கிறது.
அட்டை மாட்டியாயிற்று. கூட்டிப்போக யாருமில்லை.
நுண்ணோக்கியில் அந்தச் செல்கள்
குரோமோசோம்களை நடுக்கோட்டில் நிறுத்திவைத்து
அப்படியே நிற்கின்றன,
புகைப்படக்காரன் போய்விட்டது தெரியாத
கல்யாணக் கூட்டம் போல.

"அற்புதமான முடிவு" என்று
கிரெகருக்குச் செய்தி அனுப்பினாள்.
பிறகு ஏனோ கோட்டை மாட்டிக்கொள்ளாமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

விடியல். கடலிலிருந்து மூடுபனி ஏறி
பாலத்தின் பாதியைத் தின்றிருந்தது.
படிக்கட்டில் சிப்ஸ் காகிதம், ஈர இலைகள்,
கடற்காக்கை இறகு, பீட்சா விளம்பரம் மூன்று.
ஏறினாள். தாண்டினாள்.
மூன்றாம் மாடியில் நின்றாள்.

கயிறு நைந்திருந்தது. கழற்றித் திருப்பினாள்.
அட்டையின் முதுகில் பென்சிலில், பீட்ரியின் சாய்ந்த கையெழுத்து:
உறைபனி நாளில் கீழ்ப்படிக்கு உப்பு.

துடைப்பம் எடுத்துவந்தாள்.
மேலிருந்து கீழ்வரை, அவர் முறையை.
இன்று உறைபனி இல்லை;
இருந்தாலும் ஒரு பிடி உப்பு.

அவர் கதவுக்கு அடுத்த கதவு
இவளுடையதுதான்.
மாட்டினாள்.
திட்டிக்கொண்டே போய்த் தூங்கினாள்.