மூக்கு

ஸ்டான்லி ஓபியில் என் முறை வந்தபோது பதினொன்றே கால்.
டாக்டர் நூருன்னிசா சீட்டின் பின்பக்கம்
இரண்டு கோடு கிழித்தார்,
நடுவில் கொஞ்சம் இடம் விட்டு.
"இந்த நரம்பு செரட்டோனினை இங்கே கொட்டுது.
அந்த நரம்பு எடுக்கிறதுக்குள்ள
கொட்டின கையே திரும்ப வாரிக்குது.
மாத்திரை அந்தக் கையைப் பிடிச்சு வைக்கும்."

புரிந்தது.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் யார்டு வாசலில்
ஒன்பது வருஷமாக வண்டி நம்பர் எழுதுகிறேன்.
இறக்கின பெட்டியை அதே டிரெய்லர்
ஏற்றிக்கொண்டு போனால்
யாருக்கு என்ன வந்து சேரும்?

"அவ்வளவுதானா மேடம்?"
"இல்லைம்மா. மிச்சம் எங்களுக்கே முழுசாத் தெரியாது."
அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான்
மருந்துக் கவுன்டரில் கை நீட்டினேன்.

வாய் உலர்ந்தது. குமட்டல்.
ராத்திரி இரண்டு மணிக்குத் தாடை தானாக இறுகும்.
மருந்து அன்றைக்கே தலைக்குள் போய்விடுமாம்,
தலைதான் அதை நம்ப வாரக்கணக்காகும்,
வட்டிக்காரர் சிரித்தால்
எங்கள் தெரு நம்பாத மாதிரி.
சூசை தினமும் முகத்தைப் பார்ப்பார்,
கரண்ட் வந்துவிட்டதா என்று
பல்பைப் பார்க்கிறவர்போல.

இருபத்து மூன்றாம் நாள்
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
"ச்சீ, இன்னா நாத்தம்" என்றேன், சத்தமாக.
டிரைவர் பொன்னுரங்கம் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான்.
"எப்பவும் இப்டித்தானேக்கா கீது?"

இருந்திருக்கும்.
எனக்குத்தான் இரண்டு வருஷமாக மூக்கு இல்லை.

அன்று ராத்திரி வாளைமீன் குழம்பில்
உப்பே இல்லை என்று கத்தினேன்.
வைத்தது சூசைதான்.
தட்டைக் கீழே வைத்துவிட்டு
தோள் குலுங்க அழுதார்.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எனக்கு அழ வரவில்லை.

சின்னம்மாவைக் காசிமேடு கல்லறையில் இறக்கியபோதும் வரவில்லை.
பெட்டிமேல் மண் விழுந்த சத்தம்
பக்கத்து வீட்டில் யாரோ அரிசி கொட்டுவதுபோலக் கேட்டது.
துக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து வடிகட்ட
மாத்திரைக்குத் தெரியவில்லை.
டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.
"அளவை மாத்திப் பார்ப்போம். நீயா நிறுத்திடாதே."

நிறுத்தவில்லை.
அட்டையில் இன்னும் நாலு இருக்கிறது.
இன்றைக்கு ஆறு மணிக்கு ஷிப்ட் மாற்றிவிட்டுக் கிளம்பினேன்.
டிரெய்லர் வரிசை அசையவே இல்லை,
சில வண்டி நாளைக்குத்தான் உள்ளே போகும்.
மறுபடியும் அதே காற்று.
தேரடி வரைக்கும்
முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.