சரிபார்ப்பில் உள்ளது

காந்தி ரோட்டில் எங்கள் லாட்ஜ்.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு அறை கொடுக்கிறோம்,
ஒரிஜினல் அட்டை இருந்தால்.
ஜெராக்ஸ் செல்லாது. போனில் காட்டினால் செல்லாது.
பேஷன்ட்டால் நிற்க முடியாவிட்டாலும்
முகத்தை ஒருதரம் இந்தப் பக்கம் காட்டச் சொல்வேன்.
மால்டா, தும்கா, அகர்தலா,
எந்த ஊர் எங்கே என்று தெரியாது,
பின்கோடு தெரியும்.

பதினொன்றுக்கு மேல் கவுன்ட்டருக்கு அடியில்
எனக்கு இன்னொரு கடை திறக்கும்.
அங்கே பெயர் கேட்கவில்லை.
ஊர்தான் பிடிக்கவில்லை,
உங்கள் நாட்டுக்கு அனுமதியில்லை என்றது.
லிஃப்ட் பார்க்கிற லோகு சொன்னான்:
ஒண்ணும் ஆவாதுண்ணா, இதை அமுக்கு.
அமுக்கினேன்.
வெளியே மே மாதத்து வேலூர்,
ராத்திரி ஒன்றரைக்கும் சுவரில் கை வைக்க முடியாது.
நான் பின்லாந்தில் இருந்தேன்.

ரூபாயைக் காயினாக்கி அனுப்பினேன்.
முதலில் என்னுடையது.
பிறகு டிராயரில் கிடந்த அட்வான்ஸ்,
பதினாலாம் நம்பர், இருபத்திரண்டாம் நம்பர்.
வாங்கிக்கொண்டார்கள்,
யாருடையது என்று ஒரு வார்த்தை இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பகடை என் பக்கம் விழுந்துகொண்டே இருந்தது.
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
எடுக்கப் போனபோதுதான்
நீ யார் என்று கேட்டார்கள்.

அட்டையைத் தாடைக்குப் பக்கத்தில் பிடி.
வெளிச்சம் போதாது. இடப்பக்கம் திரும்பு.
கண் சிமிட்டு.
குடும்பப் பெயர்?
எங்களுக்கு அது கிடையாது, ஓர் எழுத்து உண்டு,
கோவிந்தசாமிக்கு ஒரு கோ.
முனிரத்தினத்துக்கு ஆதாரில் ஒரு ஹெச் குறைவு,
பான் கார்டில் இருக்கிறது.
கரண்ட் பில் கேட்டார்கள்.
கஸ்பாவில் வாடகை வீடு, பில் வீட்டுக்காரர் பேரில்.
அனுப்பியதற்கெல்லாம் ஒரே பதில்:
சரிபார்ப்பில் உள்ளது.

தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை
என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
கோயிலில் சாமியும் இல்லை என்பார்கள்.
சாமி எப்போதோ சத்துவாச்சாரியிலிருந்து திரும்பிவிட்டார்.
மற்ற மூன்றும் சரிபார்ப்பில் உள்ளன.

ஒன்பது நாள்.
எடுக்கிற கதவு பூட்டியிருந்தது.
ஆடுகிற கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை.
ஆறாவது இரவில்
எல்லாம் போயிற்று.

நியாயமான ஆட்டம்தான் என்று காட்ட
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நீளச் சரம் தருவார்கள்,
முடிவை முன்கூட்டியே முடிந்து வைத்தது,
தோற்றபின் அவிழ்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.
அறுபத்துநாலு எழுத்து.
லாட்ஜ் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன்,
நானூற்றுப் பதினோரு தோல்வி.
எல்லாம் பொருந்தின. ஒரு ஹெச்கூடக் குறையவில்லை.
யாரும் என்னை ஏமாற்றவில்லை.
ஒரே ஒரு திருட்டாவது இருந்திருந்தால்
திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் மெயில் வந்தது.
உங்கள் அடையாளம் உறுதி செய்யப்பட்டது.
ஆகவே நீங்கள் தடைசெய்யப்பட்ட நாட்டில் இருப்பதும்
உறுதியாகிறது.
கணக்கு மூடப்படுகிறது. இருப்பு: பூஜ்யம்.
ஆக, நான் நான்தான்.
முத்திரை போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு விடியுமுன்
காட்பாடியிலிருந்து ஆட்டோவில் ஒருத்தி, கூடத் தம்பி.
அட்டையில் இருக்கிறவளுக்குக் கன்னம் இருக்கிறது,
இடுப்பு வரைக்கும் இருக்கும்போல, தலைமுடி இருக்கிறது.
இந்தப் பக்கம் பாருங்கள் என்றேன்.
பார்த்தாள்.
வெளிச்சம் போதவில்லை, இன்னொரு லைட்டைப் போட்டேன்.
அவளும் கண் சிமிட்டினாள்,
யாரும் சொல்லாமலே.

ரிஜிஸ்டரில் பெயர் எழுதினேன், அட்டையில் உள்ளபடி.
ஏழாம் நம்பர். அட்வான்ஸ் இரண்டாயிரம்.
சனிக்கிழமை முதலாளி எண்ணுவார்.
தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறான்.
நோட்டு கையில்.
டிராயரை இன்னும் மூடவில்லை.